பேசாமையும் பேசவிடாமையும்



மௌனம் என்ற சொல்லைப் பற்றியும் அதன் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பற்றியும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஏன் இந்தத் தலைப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைத் தமிழைப் படிக்கும்போது ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லாமல் நடந்தால் 'அமைச்சர் மௌனம்'. அடிபட்ட பெண் காவல் நிலையத்தில் வாய் திறக்கப் பயந்தால் 'அந்தப் பெண் மௌனம்'. துறவி குகையில் அமர்ந்திருந்தால் மௌனம். தகவல் கேட்டு அனுப்பிய மனுவுக்குப் பதில் வராவிட்டால் 'அதிகாரிகள் மௌனம்'.

நான்கும் நான்கு வேறு காரியங்கள். அமைச்சர் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேச இடமில்லை. துறவிக்குப் பேசத் தோன்றவில்லை. நான்காவது இடத்தில் வாயுள்ள ஆளே தென்படுவதில்லை, ஓர் அலுவலகம்தான் இருக்கிறது. இவ்வளவையும் ஒரே பெயர்ச்சொல்லுக்குள் அடைத்துவிட்டால், மூடியிருப்பது யார் வாய், அதை மூடியது யார் கை என்ற கேள்வியே எழாமல் போகிறது. அந்தக் கேள்வியை எழுப்பும் வசதி தமிழில் ஏராளமாக இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே நான் சொல்ல வந்தது.

அந்த வசதி முதலில் வினைச்சொல்லில் இருக்கிறது. பேசவில்லை, பேசமாட்டேன், பேச முடியவில்லை, பேசக் கூடாது, பேச விடவில்லை, பேசத் தோன்றவில்லை, பேசப் பிடிக்கவில்லை, பேச நா எழவில்லை. எட்டும் வாய் திறக்காத நிலைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் பொறுப்பு வேறொருவர் மேல் விழுகிறது. 'பேசமாட்டேன்' என்பதில் உறுதி இருக்கிறது. 'பேச விடவில்லை' என்பதில் இன்னொருவர் வந்துவிடுகிறார். அவரை வாக்கியத்தில் சொல்லாமல் மறைத்தாலும் 'விட' என்ற துணைவினை காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வயதுக் குழந்தை இந்த வேறுபாடுகளைப் பிசகாமல் கையாளுகிறது. 'நான் சொல்லல' என்பதற்கும் 'என்ன சொல்லவே விடல' என்பதற்கும் உள்ள தூரம் அதற்குத் தெரியும். செய்தி எழுதும்போது மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

பேசாமை, சொல்லாமை, உரையாமை என்று எதிர்மறைத் தொழிற்பெயராக வரும்போதும் உள்ளே வினை உயிரோடு இருக்கிறது. திருக்குறள் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: புறங்கூறாமை, பயனில சொல்லாமை. பேசக்கூடிய ஒருவர், பேசாமல் இருக்கத் தீர்மானித்தார் என்பது அந்தச் சொல்லமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. வள்ளுவர் தனியாக மௌனத்துக்கு என்று ஓர் அதிகாரம் வைக்கவில்லை. எதைப் பேசாதிருப்பது, யார் முன் பேசாதிருப்பது என்று இடம் குறித்தே சொல்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்.

மௌனம் வடசொல். முனி என்பதிலிருந்து வந்தது. முனிவரின் நிலை எதுவோ அது மௌனம். தமிழிலே உள்ள முனிதல், அதாவது சினத்தல், வெறுத்தல், இதற்கு உறவில்லை. வந்த சொல் மோனம் என்று திரிந்து இங்கேயே வேரூன்றியது. ஔவையின் கொன்றைவேந்தன் மோனத்தை ஞானத்தோடு சேர்த்து வைத்தது. தாயுமானவர் தம் குருவை மௌனகுரு என்றே போற்றினார். சிவன் கோயில் கருவறையின் தென்புறச் சுவரில் கல்லால மரத்தடியில் அமர்ந்த தட்சிணாமூர்த்தி வாயால் ஒன்றும் சொல்லாமல் முனிவர் நால்வருக்கு உபதேசிக்கிறார். ஆக, பிறப்பிலேயே இது தானாக விரும்பி ஏற்ற நிலையைக் குறிக்கும் சொல். மரியாதையான சொல். பயத்தால் வாயடைத்துப்போன பெண்ணின் நிலைக்கு இதே சொல்லைச் சூட்டினால், அவளை மிரட்டியவனின் செயலுக்கு நாமே ஒரு காவிப் போர்வை போர்த்துகிறோம்.

மௌனம் தன் சொந்த வீட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு ரமணரை நினைத்துக்கொள்ளலாம். 1896-ல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர். பல ஆண்டுகள் அநேகமாகப் பேசவே இல்லை. விரதம் என்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, பேசத் தோன்றவில்லை என்பதே பிற்காலத்தில் அவர் தந்த விளக்கம். 1898 கடைசியில் தாய் அழகம்மாள் தேடிக்கொண்டு வந்தார். பவழக்குன்றில் மகன் உட்கார்ந்திருக்கிறார். தாய் நாள்தோறும் வந்து அழுகிறார், வீட்டுக்கு வா என்று மன்றாடுகிறார். மகன் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே பொறுக்காமல் ஒருவர் தாளும் பென்சிலும் நீட்டினார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகையால் பேசாதிருப்பதே நல்லது என்ற கருத்தில் எழுதிக் கொடுத்தார். தாய் திரும்பிப் போனார். பின்னாளில் அதே தாய் அதே மகனிடம் வந்து சேர்ந்து வாழ்ந்தார் என்பது வேறு கதை. நான் கவனிக்கச் சொல்வது அந்தத் தாளை. மௌனம் தன்னை விளக்கும் கடமையிலிருந்து தப்பிக்கவில்லை. கேட்ட தாய்க்குப் பதில் கிடைத்தது. அவர் விரும்பாத பதில்தான், ஆனாலும் பதில். சில ஆண்டுகள் கழித்துச் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு வந்தபோதும் அவர் எழுதியே விடை சொன்னார். அவைதான் 'நான் யார்?' என்ற சிறு நூலானது.

காந்தியடிகளின் திங்கட்கிழமை மௌனமும் அப்படியே. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை மவுண்ட்பேட்டன் தலைவர்கள் முன் வைத்த நாள் அது. அன்று தம்மைச் சந்திக்க வந்த காந்தி என்ன சொல்வாரோ என்று அவருக்குக் கவலை. காந்தி பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி நீட்டினார், அன்று தமக்குப் பேசாத நாள் என்று. அந்த நாளைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் பலவிதமாக எழுதுகிறார்கள். விரதத்தைத் தளர்த்தியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அங்கேயும் எழுத்து இருந்தது. பேசாதிருப்பவர் யார், எதனால் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அமைதிக்கு வருகிறேன். அமை என்ற வேரிலிருந்து வந்தது. பொருந்துதல், நிறைதல், போதுமென்று நிற்றல் என்பவை அதன் பழைய பொருள்கள். இலக்கணத்தில் வழுவமைதி என்கிறோம். பிழைபோலத் தோன்றும் ஒன்றை, இந்த இடத்தில் இது பொருந்தும் என்று ஏற்றுக்கொள்வது அது. 'நாளை வருகிறேன்' என்பதில் காலம் வழுவினாலும் ஏற்கிறோம். சத்தமின்மை இந்தச் சொல்லில் பிறகு வந்து சேர்ந்தது. எல்லாம் தத்தம் இடத்தில் பொருந்தி உட்கார்ந்தபின் எழும் நிலையே அமைதி. ஆகவே அமைதி என்று எழுத நமக்கு உரிமை வரவேண்டுமானால் முதலில் ஏதோ ஒன்று சரியாகியிருக்க வேண்டும்.

ஒரு சேரியில் வீடுகள் கொளுத்தப்படுகின்றன. இரண்டு நாள் கழித்து 'கிராமத்தில் அமைதி திரும்பியது' என்று செய்தி வருகிறது. என்ன சரியாகிவிட்டது? போலீஸ் வேன் நிற்கிறது, ஆண்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள், கடைகள் மூடிக் கிடக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடக்கிறது. வீடு எரிந்தவரும் எரித்தவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடச் சொல்லப்படுகிறார்கள். இதற்கு நம் மக்களிடம் வேறு சொல் இருக்கிறது. 'ஊரே கப்சிப்னு கெடக்கு' என்பார்கள். அந்தச் சொல்லில் பயம் கேட்கிறது. அல்லது 'ஊர் அடங்கிக் கெடக்கு' என்பார்கள்.

அடங்கு என்ற வினை எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். ஊர் அடங்கியது என்றால் முன்பு இரவு சாமம். அதிலிருந்துதான் ஊரடங்கு உத்தரவு வந்தது, 2020 மார்ச்சில் அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்தது. மூச்சு அடங்கியது என்றால் இறப்பு. அடக்கம் என்றால் பணிவு, அடக்கம் செய்வது என்றால் புதைப்பது. அடக்கமுடைமை குறளில் ஓர் அதிகாரம்; தன்னைத் தானே அடக்குவது அங்கே பேசப்படுகிறது. அந்த அறத்தை ஒரு சாரார் மற்றொரு சாராரிடம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்கியதால்தான், தலித் அரசியல் எழுந்தபோது 'அடங்க மறு' என்ற முழக்கம் எழுந்தது. இரண்டு சொல்லில் ஒரு வினைச்சொல்லின் வரலாற்றையே அது எதிர்த்து நின்றது. மொழி பயிலும் மாணவர்கள் அந்த முழக்கத்தை அரசியலாக மட்டும் பார்க்காமல் சொல்லாராய்ச்சியாகவும் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான் வாய் என்ற உறுப்பைச் சுற்றிய சொற்கள். 'கைகட்டி வாய்பொத்தி' என்பதை இன்று சர்வசாதாரணமாக அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போதும் சொல்கிறோம். ஆனால் அது உருவகமாகப் பிறந்ததல்ல. பண்ணையார் முன் நின்ற கூலியாள் தன் மூச்சுக்காற்று அவர்மேல் படக் கூடாது என்று உண்மையிலேயே உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசவேண்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டு அந்நேரம் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கும். பேசுவதற்கு அனுமதி இருந்தது. ஆனால் வாயைக் காட்டாமல் பேசவேண்டும்.

வாய்ப்பூட்டு என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் ஆங்கிலம் அல்லாத இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் கட்டுப்படுத்தியது; அதைத் தமிழில் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றார்கள். மேடையில் பேசக் கூடாது என்று தலைவர்களுக்குப் போட்ட தடைகளுக்கும் அதே பெயர் நின்றது. அதே வாய்ப்பூட்டு, முருகன் கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் பக்தர் வேண்டிக்கொண்டு கன்னத்தில் குத்திக்கொள்ளும் அலகின் பெயர். அங்கே பூட்டுபவரும் பூட்டப்படுபவரும் ஒருவரே, திறப்பதும் அவர் பொறுப்பு. இலங்கையில் கதிர்காமத்திலும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் பூசை செய்பவர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார். வாய்கட்டிப் பூசை என்பது அதன் பெயர். சந்நிதியில் மணியோசையும் அரோகராவும் காதை அடைக்கும். நடுவில் ஒருவர் மட்டும் வாயைக் கட்டியிருப்பார். பொத்துவது, பூட்டுவது, கட்டுவது: கையின் வேலை மூன்றிலும் உண்டு. யாருடைய கை என்பதில்தான் அடிமைத்தனமும் வழிபாடும் பிரிகின்றன.

நிசப்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சப்தம் இல்லாமை, இரவுக்கும் காட்டுக்கும் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. 'அவர் நிசப்தமாக இருந்தார்' என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினால் அவர் மரமாகிவிடுவார். ஆளரவம் இல்லாத இடம் என்ற நம் பழைய தொடர் இதைவிட எனக்கு நெருக்கமானது. அது மனிதச் சத்தத்தை மட்டும் கழிக்கிறது. பறவைகளையும் காற்றையும் விட்டுவைக்கிறது.

ஊமை என்ற சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டும். இன்று வாய் பேச இயலாத ஒருவரை அந்தச் சொல்லால் குறிப்பது தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். அது சரியான முடிவு. சைகை மொழி பேசுகிறவர்கள் கூடியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வாக்குவாதம், கேலி, வம்பு எல்லாம் விரல்களில் ஓடும். அவர்களை மௌனமானவர்கள் என்பது பார்ப்பவரின் அறியாமை. ஆனால் அந்தச் சொல் பொருட்கள் மேல் தங்கிவிட்டது: ஊமை வெயில், ஊமைக்காயம், ஊமைப்படம். ஊமைக்காயம் மேலே தெரியாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். நாட்டுவைத்தியர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். வெளிப்படாத துன்பத்துக்கு இதைவிடத் துல்லியமான சொல் கிடையாது.

குறுந்தொகையில் இரண்டு ஊமன்கள் வருகிறார்கள். வெள்ளிவீதியார் பாடிய 58-ஆம் பாடலில், கையுமில்லாத, வாயுமில்லாத ஒருவன். சூரியன் காயும் பாறையில் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்ணால் மட்டும் காவல் காக்கிறான். எடுத்து நிழலில் வைக்கக் கையில்லை, யாரையாவது அழைக்க வாயில்லை. வெண்ணெய் உருகிப் பரவுகிறது. தன் காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்று தலைவன் தோழனிடம் சொல்கிறான். இன்னொருவன் கூவன்மைந்தன் பாடிய 224-ஆம் பாடலில். இரவு நேரம். கிணற்றில் பசு விழுந்து துடிக்கிறது. அதைப் பார்ப்பவன் வாய் பேச முடியாதவன். ஓடி ஊரை எழுப்பினாலும் என்ன சொல்லுவான்? இருட்டு, சைகை காட்டினால் யாருக்குத் தெரியும்? தன் பொருட்டுத் தோழி படும் துன்பத்தைக் கண்டு தான் தவிப்பது அப்படி இருக்கிறது என்கிறாள் தலைவி. ஊமன் என்பது கோட்டானுக்கும் பெயராதலால், புலவர் இவனை உயர்திணை என்று அடைகொடுத்துத் தெளிவாக்குகிறார். இரவு, கிணறு என்று வந்ததும் கேட்பவர் மனம் கோட்டானை நினைத்துவிடக் கூடாது, நிற்பது மனிதன் என்று தெரியவேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

இந்த இரண்டு பேரையும் மௌனமாக இருந்தார்கள் என்று ஒருவர் எழுதினால் பாட்டே செத்துப்போகும். அவர்கள் உடல் முழுவதும் கூப்பாடு. சொல்லத் துடிப்பதும் சொல்ல வழியில்லாததும் ஒரே நேரத்தில் நடக்கிறது. காவல் நிலைய வாசலில் நிற்கும் பெண்ணுக்கு நம் மரபில் உவமை தேட வேண்டுமென்றால் குகைத் துறவியிடம் போகக் கூடாது, இந்தக் கிணற்றடிக்கு வரவேண்டும்.

அடுத்தது, பதில் சொல்லாமல் இருப்பதே பதிலாகும் இடம். மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு வினாவுக்கு விடை சொல்லும் நான்கு முறைகளைக் கற்பிக்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது அழியுமா என்றால் அழியும் என்று துணிந்து சொல்லிவிடலாம். செத்தவன் மறுபடி பிறப்பானா என்றால் பற்று அற்றவனா, அறாதவனா என்று பிரித்துக் கேட்டுச் சொல்லவேண்டும். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்று கேட்டால், எந்த முட்டை, எந்தப் பனை என்று திருப்பிக் கேட்கவேண்டும். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்று ஒருவர் கேட்டால்? வாய்வாளாமை. பழையது என்றாலும் மாட்டிக்கொள்வீர்கள், புதியது என்றாலும் மாட்டிக்கொள்வீர்கள். எதைச் சொன்னாலும் அப்படி ஒரு பூ இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நன்னூலார் விடைகளை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், எதிர்வினா என்று போகிற அந்தப் பட்டியலில் பேசாமைக்கு இடமில்லை. இலக்கணம் சொல்லப்பட்டதைத்தானே வகுக்கும் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் தமிழில் ஒரு பௌத்தக் காப்பியம் பேசாமையை விடைகளில் ஒன்றாக வரிசைப்படுத்தியிருக்கிறது என்பது நாம் பெருமையோடு கற்பிக்க வேண்டிய செய்தி. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆகாயப்பூ நினைவுக்கு வருகிறது. கேள்வியிலேயே பொய்யை வைத்துக் கேட்கிறார்கள்; பேசாமல் இருந்தவரை 'மழுப்பினார்' என்கிறார்கள். வாய்வாளாமை என்ற சொல் புழக்கத்தில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு தற்காப்பு கிடைத்திருக்கும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது வடமொழி வழக்கிலிருந்து நம் கல்யாண வீடுகளுக்கு வந்த பழமொழி. 'பொண்ணுகிட்ட கேட்டீங்களா?' 'கேட்டோம், ஒண்ணும் சொல்லல' என்றதும் தாம்பூலத் தட்டு மாறிவிடுகிறது. எத்தனை பெண்களின் வாழ்க்கை இந்தப் பழமொழியின் மேல் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சட்டம் இந்த விஷயத்தில் பழமொழியைவிட நிதானமாக நடந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை வருகிறது. நோயுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மட்டும் மோசடி ஆகாது. வாங்குபவர் விற்பவரின் சொந்த மகள், அப்போதுதான் பருவ வயது எட்டியவள் என்றால், சொல்லவேண்டிய கடமை அப்பாவுக்கு உண்டு. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொன்னபின்னும் விற்பவர் சும்மா இருந்தால், அந்தப் பேசாமை பேச்சுக்குச் சமம். ஒரே குதிரை, ஒரே வாய்மூடல், மூன்று வேறு பொருள். உறவும் சூழலும் பொருளைத் தீர்மானிக்கின்றன.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. 30 நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லாவிட்டால் அவர் மறுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். இங்கே மௌனத்தின் பொருள் மறுப்பு. 2013-ல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்கப்பட வேண்டும், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று எழுதப்பட்டது. பழமொழி நீதிமன்ற வாசலில் நின்றுவிட்டது. கல்யாண வீட்டுக்குள் இன்னும் உலவுகிறது.

கேரளத்தில் 1985-ல் ஒரு பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மூன்று பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அவர்களின் மத நம்பிக்கை அது. பள்ளியைவிட்டு நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்றானது. எழுந்து நின்றது மரியாதை, பாடாதது நம்பிக்கை என்று நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. இந்தப் பிரித்துப் பார்த்தலைத்தான் நான் சொற்களிடமும் கேட்கிறேன்.

பேச்சு வழக்கில் இந்தப் பிரிப்பு இயல்பாக நடக்கிறது. கொங்கு நாட்டில் 'கம்முனு இரு' என்றால் வாயையும் கையையும் சேர்த்து அடக்கு என்று பொருள். கமுக்கமான ஆள் என்றால் தனக்குத் தெரிந்ததை வெளியே விடாதவர். அதில் கொஞ்சம் சந்தேகம் கலந்திருக்கும். கல்லுளிமங்கன் எவ்வளவு அடித்துக் கேட்டாலும் வாய் திறக்காதவன். அதில் எரிச்சலோடு ஒரு மெச்சுதலும் உண்டு. 'பேசாம' என்பது பேச்சையே மறந்து வேறெங்கோ போய்விட்டது: 'பேசாம ஒரு டீக்கடை வெச்சிடலாம்' என்பவர் பேசிக்கொண்டேதான் சொல்கிறார். வேறு யோசனையெல்லாம் விட்டுவிட்டு என்று அதற்குப் பொருள். 'சும்மா' இன்னும் பெரிய சொல். அருணகிரிநாதரும் தாயுமானவரும் ஞானத்தின் உச்சத்துக்கு வைத்த சொல்லை, 'எங்க போற?' 'சும்மாதான்' என்று தெருவில் நடந்துகொண்டே சொல்கிறோம். 'சும்மா சொல்லக்கூடாது, குழம்பு நல்லாருக்கு' என்று பாராட்டுகிறோம். மிக உயர்ந்ததும் மிகச் சாதாரணமானதும் ஒரே சொல்லில் குடியிருப்பதை இந்த ஒரு மணி நேரத்தில் விளக்கி முடிக்க இயலாது. அதற்குத் தனி உரையே வேண்டும்.

துக்கத்தில் பேசாமை நமக்குப் புதியது. இழவு வீட்டில் பறை உண்டு, ஒப்பாரி உண்டு, மாரடித்து அழுவது உண்டு. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், கணவன் உடல் கிடக்க, சுவரில் சாய்ந்து அழாமல் வெறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். வந்த கிழவிகள் பதறினார்கள். 'அழுதுடு தாயி, உள்ள வெச்சுக்காத' என்று ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொருத்தி செத்தவர் பெயரைச் சொல்லி ஒப்பாரியைத் தொடங்கி, வேண்டுமென்றே அவள் பக்கமாகப் பாடினாள். அந்தப் பெண் வாய்விட்டு அழுதபிறகுதான் கிழவிகள் தண்ணீர் குடித்தார்கள். அந்த வீட்டில் சத்தமின்மை ஆபத்தின் அறிகுறி.

இரண்டு நிமிட மௌன அஞ்சலி முதல் உலகப்போருக்குப் பின் 1919-ல் பிரிட்டனில் தொடங்கி நம்மிடம் வந்தது. ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு அரசு அலுவலகங்களில் எழுந்து நிற்கிறோம். ஈழத்தமிழர் இதே நிகழ்வுக்கு அகவணக்கம் என்று பெயர் வைத்தார்கள். அருமையான ஆக்கம். வாய் மூடியிருக்கிறது என்று சொல்லாமல், உள்ளே வணக்கம் நடக்கிறது என்று சொல்கிறது அது.

அதே ஈழத்திலிருந்து இன்னொரு சொல்லும் வந்தது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்வதாக விடுதலைப் புலிகளின் சார்பில் அறிவிப்பு வந்தது. அதிலிருந்து 'ஆயுத மௌனிப்பு' என்பது ஈழ அரசியல் எழுத்தில் ஒரு காலக்குறியாகவே நிலைத்துவிட்டது. 'மௌனிப்புக்கு முன்', 'மௌனிப்புக்குப் பின்' என்று எழுதுகிறார்கள். தோல்வி, சரணடைதல், முடிவு என்று எந்தச் சொல்லையும் சொல்ல மனம் ஒப்பாத ஒரு மக்கள் கூட்டம், பெயர்ச்சொல்லாகக் கிடந்த மௌனத்தை வினையாக்கிக்கொண்டது. அந்தச் சொல்லின் அரசியலை ஏற்பவரும் இருக்கலாம், மறுப்பவரும் இருக்கலாம். ஆனால் அதற்குள் எத்தனை உயிர்களின் கனம் இருக்கிறது என்பதை அறியாமல் அகராதிக்காரர் அதைக் கடந்துபோகக் கூடாது.

தமிழ்நாட்டு அரசியல் எழுத்து உருவாக்கிய நல்ல சொல் கள்ள மௌனம். பேச வேண்டியது தெரிந்தும், பேசும் வலு இருந்தும், லாபம் கருதி வாய் மூடியிருப்பது. சாதி ஆணவக் கொலை நடந்த மறுநாள் வாக்கு வங்கியை எண்ணிக்கொண்டிருப்பவர்களின் நிலைக்கு வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு பொருந்தாது. மௌனம் என்ற மரியாதையான சொல்லின் முன் கள்ளம் என்ற ஒன்றை வைத்ததுமே காவிப் போர்வை விலகிவிடுகிறது. முதலில் சொன்ன அமைச்சருக்கு உரிய சொல் இது.

தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் நமக்குப் பெரும் செல்வங்கள். அவற்றுக்குப் பிறகும் சேகரிக்க நிறைய இருக்கிறது. உங்கள் ஊரில் பேசாதிருப்பதைச் சொல்லும் சொற்களைச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது, பேசாதிருந்தவர் யார், வாயை மூடவைத்தவர் ஒருவர் உண்டா, எத்தனை நாள் நீடித்தது என்று எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகளைக் கவனியுங்கள். புருஷன் பெண்டாட்டி பேசாதிருக்கும் நாட்களில் 'சோறு எடுத்து வெச்சிருக்குன்னு சொல்லு' என்று குழந்தை வழியாகவோ, சுவரைப் பார்த்தோ பேசுவார்களே, அந்த வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள் காய் விட்டு, பழம் விடும்போது உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள், எந்த விரலை நீட்டுகிறார்கள் என்பதும் வேண்டும். கம்முனு, கமுக்கம், கல்லுளிமங்கன் ஆகியவற்றுக்கு நான் எழுதிய சீட்டுகளைத் துறைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறேன், மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'பேச விடல' என்ற தலைப்பில் ஒரு சீட்டுகூட அந்தக் கட்டில் இல்லை. அதைப் பெண்களிடமும் கூலி வேலை செய்பவர்களிடமும் கேட்டு நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.